16 த்ரெட் வைத்தால் செஸ் இன்ஜின் இன்னும் நன்றாக ஆடுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். தவறாகப் புரிந்திருந்தால் திருத்துங்கள். உங்கள் கணினியில் 8 கோர், விண்டோஸ் அதை 16 என்று காட்டுகிறது. ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் இன்ஜினில் த்ரெட் (ஒரே சமயத்தில் ஓடும் வேலைச் சரடு) எண்ணிக்கையை 8 என்று வைத்தால் நொடிக்கு ஏறத்தாழ 1 கோடி நோட் (அலசிப் பார்த்த நிலை) வருகிறது, 16 என்று வைத்தால் 1 கோடியே 30 லட்சம். ஆனால் ஒரே நிலையைக் கொடுத்து 30-ஆம் ஆழம் வரை (இருவர் நகர்வும் சேர்த்து 30 நகர்வு முன்னே பார்க்கும்படி) ஓடவிட்டால் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரம்தான் ஆகிறது. ஒருமுறை 16 த்ரெட்டில் கூடுதலாகவே ஆகியிருக்கிறது. அந்த 30 சதவீதம் எங்கே போனது, கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸில் ஹைப்பர்த்ரெடிங்கை (ஒரு கோரில் இரண்டு த்ரெட் ஓட்டும் வசதி) அணைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பார்க்கிற வரையில் இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. ப்ராசஸர் அதிக வேலை செய்கிறதா என்பது ஒன்று. அந்த வேலையால் ஆட்டம் தேறுகிறதா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு நோட் எண்ணிக்கை பதில் சொல்லும். இரண்டாவதற்கு அதனிடம் பதில் கிடையாது.

பிழைப்புக்கு நான் சர்வர் நிரல்களின் வேகத்தைக் கவனிக்கிறவன். பொழுதுபோக்காக ஒரு செஸ் இன்ஜின் எழுதி 15 வருடமாக அதை நோண்டிக்கொண்டிருக்கிறேன். அது பெரிய இன்ஜின்களிடம் அடிவாங்கும் ரகம்தான், ஆனால் அதில் பட்ட அடிகள்தான் இந்தப் பதிலுக்கு மூலதனம். அவசரப்படுகிறவர்களுக்குச் சுருக்கம் இது: பயாஸில் கை வைக்காதீர்கள். ஒரே ஒரு இன்ஜினை வைத்து ஆட்டத்தை அலசுவதானால் 16 வைப்பதில் பெரும்பாலும் சிறு லாபம் உண்டு. இரண்டு இன்ஜின்களை மோதவிட்டு எது பலசாலி என்று பார்ப்பதானால் 8-ஐத் தாண்டவே கூடாது. ஏன் என்பதற்குத்தான் மீதிப் பக்கம்.

ஹைப்பர்த்ரெடிங் என்பது இன்னொரு கோர் கிடையாது. ஒரு தச்சு மேசை, ஒரு செட் உளி ரம்பம், அதற்கு இரண்டு தச்சர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பசை காயக் காத்திருக்கும்போது மற்றவர் ரம்பத்தை எடுத்துக்கொள்வார். இருவருக்கும் ஒரே சமயத்தில் ரம்பம் வேண்டுமென்றால் ஒருவர் நின்றுதான் ஆகவேண்டும். கோருக்குள்ளும் இதே கதைதான். கணக்குப் போடும் பகுதிகளும், அருகிலுள்ள முதல் நிலை, இரண்டாம் நிலை கேச்சுகளும் (கோருக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான மெமரி) இரண்டு த்ரெட்டுக்கும் பொது. ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனியாக இருப்பது ரெஜிஸ்டர்களும், நிரல் எங்கே நிற்கிறது என்ற குறிப்பும், இன்னும் சில சில்லறைகளும்தான். ஆகவே லாபம் எவ்வளவு என்பது ஒரு த்ரெட் எவ்வளவு நேரம் சும்மா காத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. நிரல் காத்திருக்கவே இல்லையென்றால் இரண்டாவது ஆளுக்கு அங்கே வேலை இல்லை.

செஸ் இன்ஜின் நிறையவே காத்திருக்கும். முக்கியக் காரணம் ஹாஷ் டேபிள். ஏற்கெனவே பார்த்த நிலைகளை மறுபடி அலசாமல் இருக்க, ஒவ்வொரு நிலைக்கும் 64 பிட் எண் ஒன்றைக் கணக்கிட்டு (1970-இல் ஆல்பர்ட் ஸோப்ரிஸ்ட் சொன்ன முறை இது) அந்த எண் காட்டும் இடத்தில் முடிவை எழுதி வைப்பார்கள். அந்த எண் வேண்டுமென்றே தாறுமாறாக விழும்படி அமைந்தது. அடுத்தடுத்த இரண்டு நிலைகளின் குறிப்புகள் மெமரியில் எங்கெங்கோ கிடக்கும். கேச்சில் இருக்கிற தகவலை எடுக்க 4, 5 சைக்கிள் (ப்ராசஸர் கடிகாரத்தின் துடிப்பு) போதும். மெமரிவரை போய்வர 80 நானோ நொடி என்று வைத்தால், 4 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸரில் அது 320 சைக்கிள். இன்னொரு காரணம், கிளை பிரியும் இடங்களில் ப்ராசஸர் செய்யும் தப்புக் கணிப்பு. இந்த நகர்வு ராஜாவுக்கு செக் வைக்கிறதா, இது காயை வெட்டுகிறதா என்று செஸ் நிரல் முழுக்க ‘என்றால்’, ‘இல்லையென்றால்’தான். ஒவ்வொரு தப்புக் கணிப்புக்கும் 15 முதல் 20 சைக்கிள் வீண். இந்த இடைவெளிகளில்தான் இரண்டாவது த்ரெட் உள்ளே நுழைகிறது. நீங்கள் பார்த்த 30 சதவீதம் அங்கிருந்து வந்ததுதான். அது பொய்யில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இன்ஜினை எவ்வளவு நேர்த்தியாக எழுதுகிறோமோ அவ்வளவுக்கு ஹைப்பர்த்ரெடிங்கின் லாபம் தேயும். நகர்வைச் செய்வதற்கு முன்பே அதன் ஹாஷ் இடத்தைக் கேச்சுக்குக் கூப்பிட்டு வைத்துக்கொள்வது இப்போது எல்லா நல்ல இன்ஜின்களிலும் உண்டு. காத்திருப்பு அந்த அளவுக்குக் குறைந்துவிடும். மெமரிப் பக்கத்தின் (மெமரியைப் பிரித்து வைக்கும் துண்டு) அளவும் அப்படித்தான். 1 ஜிபி ஹாஷ் வைத்தால் வழக்கமான 4 கேபி பக்கங்களில் அது 2,62,144 பக்கம். 2 எம்பி பக்கங்களாக வைத்தால் வெறும் 512. எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று தேடும் செலவு பெருமளவு மிச்சமாகும். இதைச் செய்தபிறகு என் இன்ஜினில் ஒற்றை த்ரெட்டின் வேகம் ஏறியது, ஹைப்பர்த்ரெடிங்கால் கிடைத்த கூடுதல் வேகம் இறங்கியது. அடேடே, ஏதோ கெட்டுப்போய்விட்டதே என்று ஒரு வாரம் தேடினேன். எதுவும் கெடவில்லை, பசை சீக்கிரம் காய ஆரம்பித்துவிட்டது, அவ்வளவுதான்.

சரி, 30 சதவீதம் உண்மை என்றால் ஆழம் ஏன் கூடவில்லை? இங்கேதான் செஸ் மற்ற நிரல்களிலிருந்து விலகுகிறது. படங்களைச் சுருக்கும் நிரல் என்றால் படங்களை ஆளுக்குப் பாதி பிரித்துக் கொடுத்துவிடலாம். செஸ் தேடலை அப்படி வெட்ட முடியாது, ஏனென்றால் அதன் அடிப்படையான ஆல்ஃபா-பீட்டா முறை ஒன்றன்பின் ஒன்றாகப் போவதால்தான் பலன் தருகிறது. ஒரு நிலையில் எனக்கு 35 நகர்வுகள் இருக்கின்றன என்று வையுங்கள். முதல் நகர்வை முழுதாக அலசி, எனக்கு அரைச் சிப்பாய் சாதகம் என்று கண்டுபிடித்துவிட்டேன். இரண்டாவது நகர்வைத் தொடங்குகிறேன். எதிராளியின் முதல் பதிலிலேயே என் ராணி போகிறது. அத்தோடு அந்த நகர்வை மூடிவிடலாம். எதிராளியின் மற்ற பதில்களைப் பார்க்கத் தேவையே இல்லை, ஏற்கெனவே கையில் அதைவிட நல்லது இருக்கிறது. நகர்வுகளை நல்ல வரிசையில் பார்த்தால், பார்க்க வேண்டிய நிலைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ வர்க்கமூலத்துக்கு இறங்கிவிடும் என்று 1975-இல் கணினி அறிஞர்கள் நூத்தும் மூரும் கணக்கிட்டுக் காட்டினார்கள். கோடி பார்க்க வேண்டிய இடத்தில் சில ஆயிரம்.

இப்போது இரண்டு த்ரெட்டை ஏவுங்கள். முதல் த்ரெட் முதல் நகர்வைப் பார்க்கும் அதே நேரத்தில் இரண்டாவது த்ரெட் இரண்டாவது நகர்வைப் பார்க்கிறது. அரைச் சிப்பாய் சாதகம் என்ற விஷயம் அதற்கு இன்னும் தெரியாது. ஆகவே ராணி போனாலும் விடாமல், எவ்வளவு மோசம் என்று பைசா சுத்தமாகக் கணக்கிட்டுக்கொண்டிருக்கும். அத்தனையும் நோட் எண்ணிக்கையில் சேரும். ஒரு த்ரெட் மட்டும் ஓடியிருந்தால் அந்த நோட்களைத் தொட்டிருக்கவே மாட்டோம். இதைத் தேடல் உபரி என்பார்கள். உங்கள் 1 கோடியே 30 லட்சத்தில் இப்படி ஒன்றுக்கும் ஆகாத நோட்கள் எத்தனை என்று இன்ஜின் உங்களுக்குச் சொல்வதில்லை, அதற்கே தெரியாது.

இதைக் கட்டுப்படுத்த வந்த பழைய முறைக்கு யங் பிரதர்ஸ் வெயிட் என்று பெயர். மூத்தவனைப் பார்த்து முடிக்கும்வரை தம்பிகள் பொறுத்திருக்க வேண்டும். முதல் நகர்வின் மதிப்பு தெரிந்தபிறகுதான் மற்றவற்றைப் பங்கு போடுவது. உபரி குறைந்தது, ஆனால் த்ரெட்கள் ஒன்றுக்கொன்று காத்துக்கிடக்கும் நேரம் கூடியது. ஸ்டாக்ஃபிஷ் நீண்ட காலம் இந்த முறையில் இருந்து, 2016 ஜனவரியில் வந்த 7-ஆம் பதிப்பில் லேசி எஸ்எம்பிக்கு மாறியது. பெயருக்கேற்ற சோம்பேறி முறை. யாரும் யாருக்கும் வேலை பிரித்துக் கொடுப்பதில்லை. எல்லா த்ரெட்டும் அதே ஆரம்ப நிலையை முழுதாகத் தேடும்; பொதுவாக இருப்பது ஹாஷ் டேபிள் மட்டும். ஒரு த்ரெட் எழுதிவைத்த முடிவு இன்னொன்றின் கண்ணில் பட்டால் அந்தக் கிளையை அது தாண்டிப் போய்விடும். நேரச் சிறு வித்தியாசங்களால் ஒவ்வொன்றும் தானாகவே வெவ்வேறு பக்கம் சிதறும். பார்த்தால் இது எப்படி வேலை செய்யும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, என் இன்ஜினில் பங்கு போடும் நிரலை ஆயிரத்துச் சொச்சம் வரிகளில் எழுதி வைத்திருந்தவன் நான். அதை எடுத்துவிட்டு அறுபது வரிகளில் இந்தச் சோம்பேறி முறையை வைத்தபோது 8 கோரில் அது பழையதை அடித்துவிட்டது. அன்றைக்கு வந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

உங்கள் அளவீட்டில் உள்ள சிக்கல் இங்கிருந்துதான் தொடங்குகிறது. லேசி எஸ்எம்பியில் கூடுதல் த்ரெட்கள் 30-ஆம் ஆழத்தை விரைவாக எட்ட வைப்பதோடு நிற்பதில்லை. அதே 30-ஆம் ஆழத்தை அகலமாக்குகின்றன. ஒரு த்ரெட் வெட்டித் தள்ளிய கிளையை இன்னொன்று பார்த்து ஹாஷில் எழுதிவிட்டால், திரையில் வரும் ஆழம் அதேதான், ஆனால் உள்ளே இருப்பது அதே தேடல் இல்லை. ஆகவே இந்த ஆழத்துக்கு இத்தனை நொடி என்பது பழைய முறை இன்ஜின்களுக்கு நல்ல அளவுகோல், இதற்கு அரைகுறை அளவுகோல். மேலும், ஒன்றுக்கு மேல் த்ரெட் ஓடினால் இரண்டு முறை ஒரே முடிவு வராது. எந்த த்ரெட் எதை முதலில் எழுதியது என்பது ஒவ்வொரு முறையும் மாறும். நீங்கள் ஒரு நிலையை ஒருமுறை ஓட்டிப் பார்த்தது போதாது. அதே நிலையைப் பத்து முறை ஓட்டுங்கள். நேரம் இரண்டு மடங்குவரை ஆடினாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

லாப நட்டக் கணக்கைக் கையால் போட்டுப் பார்க்கலாம். கிராஃப்டி இன்ஜினை எழுதிய ராபர்ட் ஹயட் பல வருடங்கள் சொல்லிவந்த ஒரு தோராய வாய்பாடு உண்டு: முதல் கோருக்கு 1, அதற்குமேல் ஒவ்வொரு கோருக்கும் 0.7. மீதி 0.3 உபரியில் போய்விடுகிறது. இரண்டு முழுக் கோர் என்றால் 1.7 மடங்கு. இப்போது ஒரே கோரில் இரண்டு த்ரெட். கூட்டு வேகம் 10 சதவீதம்தான் ஏறுகிறது என்றால் ஒவ்வொரு த்ரெட்டும் 0.55 வேகத்தில் ஓடுகிறது, 1.7-ஐ 0.55-ஆல் பெருக்கினால் 0.935. அதாவது நட்டம். 30 சதவீதம் ஏறினால் ஒவ்வொன்றும் 0.65, பெருக்கினால் 1.105. நிகர லாபம் பத்தரை சதவீதம். நட்டத்துக்கும் லாபத்துக்கும் நடுக்கோடு 18 சதவீதத்தை ஒட்டி விழுகிறது. இந்த வாய்பாடு அந்தக் கால முறைக்கு உரியது. லேசி எஸ்எம்பிக்கும் 16 த்ரெட்டுக்கும் இதை அப்படியே இழுத்து நீட்டாதீர்கள், கணக்கின் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

‘செஸ்ஸுக்கு ஹைப்பர்த்ரெடிங்கை அணைத்துவிடு’ என்ற பழைய அறிவுரையின் வேரும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. மேசைக் கணினிகளுக்கு அது 2002 நவம்பரில் 3.06 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-உடன் வந்தது. அந்தச் சிப்பில் முதல் நிலை டேட்டா கேச் மொத்தமே 8 கேபி. அதையும் இரண்டு த்ரெட்கள் பங்கு போட்டால் ஒன்றின் தகவலை இன்னொன்று வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். போதாததற்கு, அன்றைய இன்ஜின்களில் வேலை இல்லாத த்ரெட் தூங்காமல், வேலை வந்ததா வந்ததா என்று சுழன்றுகொண்டே இருக்கும். தனிக் கோராக இருந்தால் அதனால் கெடுதல் இல்லை. ஹைப்பர்த்ரெடிங்கில் அந்தச் சுழற்சி பக்கத்து த்ரெட்டின் ரம்பத்தைப் பிடுங்கிக்கொள்ளும். அந்தக் காலத்துக்கு அறிவுரை சரி. 2008-இல் நெஹலம் வகைச் சிப்களோடு இன்டெல் அதைத் திரும்பக் கொண்டுவந்தபோது நிலைமை மாறிவிட்டது, 2017-இல் ஏஎம்டியின் ஸென் சிப்கள் வந்தபோது இன்னும் மாறியது. இன்று முதல் நிலை கேச் 32 கேபி, 48 கேபி என்று இருக்கிறது. அறிவுரை மட்டும் மாறாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சரி, ஆட்டத்துக்கு இது எவ்வளவு? ஆட்டக்காரர்களின் பலத்தை அளக்கும் ஈலோ புள்ளிக் கணக்கில் பார்ப்போம். இன்ஜினின் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் 50 ஈலோ கூடும் என்று வைத்துக்கொள்வோம். குறைந்த நேர ஆட்டங்களில் இதைவிடக் கூடலாம், நீண்ட நேர ஆட்டங்களில் குறையும். 1.3 மடங்கு என்பது இரட்டிப்பில் 0.38 பங்கு. ஆக 19 ஈலோ, உபரியைக் கழிப்பதற்கு முன்னால். கழித்தபின் 10 மிஞ்சியதாக வையுங்கள். 10 ஈலோ முன்னிலை என்றால் 100 ஆட்டத்தில் 51.4-க்கு 48.6. இதை நீங்கள் கண்ணால் பார்க்க முடியாது. பத்தில் ஆறு ஆட்டம் சமனில் முடிகிறது என்று கொண்டால், 100 ஆட்டத்தின் முடிவு 43 ஈலோ மேலேயும் கீழேயும் ஆடும். 1000 ஆட்டத்தில் 14. 10,000 ஆட்டத்தில் 4-ஐக் கொஞ்சம் தாண்டும். ‘20 ஆட்டம் விட்டுப் பார்த்தேன், அணைத்தால்தான் நன்றாக ஆடுகிறது’ என்று எழுதுகிறவர்களையும், அதற்கு நேர்மாறாக அடித்துச் சொல்கிறவர்களையும் நான் ஒரே தட்டில்தான் வைக்கிறேன்.

நோட் எண்ணிக்கையை வைத்துப் பலத்தை அளக்கும் பழக்கத்தை விட இன்னொரு காரணமும் உண்டு. 1997-இல் உலகச் சாம்பியன் கஸ்பரோவை வென்ற டீப் ப்ளூ கணினி, 480 தனிச் சிப்களை வைத்துக்கொண்டு நொடிக்கு 20 கோடி நிலைகள் பார்த்தது. உங்கள் கணினி பார்ப்பது அதில் பதினைந்தில் ஒரு பங்குகூட இல்லை, ஆனாலும் அதில் ஓடும் ஸ்டாக்ஃபிஷ் டீப் ப்ளூவைத் துவைத்து எடுத்துவிடும். 2020-இல் 12-ஆம் பதிப்பில் நியூரல் நெட்வொர்க் மதிப்பீடு சேர்ந்தபோது ஸ்டாக்ஃபிஷின் நோட் வேகம் இறங்கியது. பலமோ ஒரே தாவலில் ஏறியது.

அந்த நெட்வொர்க் ஹைப்பர்த்ரெடிங் கணக்கையும் கொஞ்சம் கலைத்துவிட்டது. அது வரும்வரை செஸ் நிரலில் பெரிய வெக்டர் கணக்குகள் (பல எண்களை ஒரே அடியில் கணக்கிடுவது) கிடையாது. இப்போது ஒவ்வொரு நோடிலும் உண்டு, அந்த வெக்டர் பகுதியோ இரண்டு த்ரெட்டுக்கும் பொது. இருவருக்கும் ஒரே சமயத்தில் ரம்பம் தேவைப்படும் நிலை என்று தோன்றும். ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. 12-ஆம் பதிப்பின் நெட்வொர்க்கில் முதல் அடுக்குக்கு 41,024 உள்ளீடு, ஒவ்வொன்றுக்கும் 256 எண், எண்ணுக்கு 2 பைட். மொத்தம் 2 கோடியே 10 லட்சம் பைட். எந்தக் கோரின் சொந்தக் கேச்சிலும் இது அடங்காது. ராஜா தவிர வேறு காய் நகர்ந்தால் மாறுவது இரண்டு, மூன்று உள்ளீடுகள்தான், ஆனால் ஒவ்வொன்றின் 512 பைட்டையும் எங்கிருந்தாவது இழுத்து வரவேண்டும். ஆகவே காத்திருப்பும் கூடுகிறது, போட்டியும் கூடுகிறது. எது மிஞ்சும் என்பது சிப்பின் கேச் அளவையும் பதிப்பையும் பொறுத்தது. இந்த இடத்தில் பொதுவிதி சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை, நானும் சொல்லப்போவதில்லை.

மோதவிடுவதற்கு 8-ஐத் தாண்டாதீர்கள் என்றேனே, அதற்கு என் சொந்தக் கதையே போதும். இரண்டு ஒற்றை த்ரெட் இன்ஜின்கள் ஆடும்போது ஒரு சமயத்தில் ஒன்றுதான் யோசிக்கும். ஆட்டத்துக்கு ஒரு த்ரெட். 16 காட்டுகிறதே என்று 16 ஆட்டங்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டுத் தூங்கப்போனேன். காலையில் பார்த்தால் நான் செய்திருந்த ஒரு சின்ன மாற்றம் நல்ல லாபம் காட்டியது. சந்தேகத்தில் அதையே ஒரு நேரத்தில் 7 ஆட்டங்களாக ஓட்டினேன், லாபம் மாயம். பிறகுதான் விளங்கியது: அந்த மாற்றம் ஒரு உள் அட்டவணையைப் பாதியாகச் சுருக்கியிருந்தது. கேச்சைப் பக்கத்து த்ரெட்டோடு பங்கு போடும்போது சிறிய அட்டவணைக்கு அனுகூலம்; கோர் முழுதாகக் கிடைக்கும்போது அந்த அனுகூலம் கிடையாது. நான் அளந்தது ஆட்டத் திறமையை அல்ல, இட நெருக்கடியில் யார் சமாளிக்கிறார் என்பதை. இதுபோக, பக்கத்து த்ரெட் கடும் வேலையில் இருக்கிறதா சும்மா இருக்கிறதா என்பதைப் பொறுத்து உங்கள் இன்ஜினின் வேகம் நொடிக்கு நொடி மாறும். குறைந்த நேர ஆட்டங்களில் கொடி விழுந்து (நேரம் தீர்ந்து) தோற்பதும் நடக்கும். கோர் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து ஓட்டுவது என் வழக்கம். மற்ற வேலைகளுக்கு விண்டோஸுக்கும் ஒரு கோர் வேண்டுமே.

த்ரெட்களைக் கூட்டும்போது வேகம் ஏறாமல் இறங்கினால், பழியை ஹைப்பர்த்ரெடிங் மேல் போடுவதற்குமுன் நிரலைப் பாருங்கள். இது சொந்தமாக இன்ஜின் எழுதுகிறவர்களுக்கு. ஒவ்வொரு த்ரெட்டுக்கும் நோட்களைக் கணக்கு வைக்க ஒரு எண்ணியை (கவுன்ட்டர்) வைத்திருந்தேன், 8 பைட் எண்கள், ஒரே வரிசையில் அடுத்தடுத்து. எட்டு எட்டு அறுபத்து நாலு. கேச் வரி ஒன்றின் அளவும் சரியாக 64 பைட். எட்டு த்ரெட்டின் எண்ணிகளும் ஒரே வரியில் போய் உட்கார்ந்துவிட்டன. ஒரு கோர் தன் எண்ணியில் 1 கூட்டியவுடன் மற்றக் கோர்களிடம் இருக்கும் அந்த வரி செல்லாததாகிவிடும். அடுத்தவர் கூட்டுவதற்கு அதை மறுபடி இழுத்து வரவேண்டும். நொடிக்கு லட்சக்கணக்கான முறை இந்த இழுபறி. 8 த்ரெட், 3 த்ரெட்டைவிட மெதுவாக ஓடியது. என்னை நன்றாகக் குழப்பியது எது தெரியுமா? ஒரே கோரின் இரண்டு த்ரெட்டில் கட்டிப்போட்டு ஓட்டினால் சிக்கலே தெரியவில்லை, ஏனென்றால் அந்த இரண்டுக்கும் கேச் பொது, இழுக்க வேண்டியதே இல்லை. ஹைப்பர்த்ரெடிங் பிரமாதம், பல கோர்தான் மோசம் என்று தலைகீழ் முடிவுக்கு வரவிருந்தேன். ஒவ்வொரு எண்ணியையும் 64 பைட் எல்லையில் தனித்தனியாக வைத்ததும் தீர்ந்தது.

ஆல்ஃபா-பீட்டா அல்லாத நிரல்களுக்கு இதில் பாதி பொருந்தாது. லீலா செஸ் ஸீரோ போன்றவற்றில் பாரமான நெட்வொர்க் வேலையெல்லாம் கிராஃபிக்ஸ் கார்டில் நடக்கிறது. சிபியு த்ரெட்களின் வேலை, அலச வேண்டிய நிலைகளைத் திரட்டிக் கட்டுக்கட்டாகக் கார்டுக்கு அனுப்புவது மட்டும். அதற்கு ஒரு சில த்ரெட்கள் போதும், 16 வைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அங்கேயும் உபரி உண்டு, வேறு உருவத்தில். பல த்ரெட்கள் ஒரே மரத்தில் இறங்கும்போது எல்லாம் ஒரே நல்ல கிளையைத் தேர்ந்தெடுக்கும். அதைத் தடுக்க, ஒன்று போய்க்கொண்டிருக்கும் பாதையில் தற்காலிகமாகத் தோல்வி எழுதிவைத்து மற்றவற்றை வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள். 2016-இல் கோ என்ற பலகை விளையாட்டை ஆடும் ஆல்ஃபாகோ நிரலின் ஒற்றைக் கணினிப் பதிப்பு 40 தேடல் த்ரெட்களை இப்படித்தான் மேய்த்தது. அந்தப் பொய்த் தோல்விகள் தேடலைக் கொஞ்சம் கோணலாக்கும். த்ரெட் கூடக்கூடக் கோணலும் கூடும்.

எது உறுதி, எது ஐயம் என்று நீங்கள் பிரித்துப் பார்க்க விரும்பலாம். நோட் வேகம் ஏறுவது உறுதி, உபரி இருப்பது உறுதி, ஏறிய அளவு முழுதும் பலமாக மாறாது என்பதும் உறுதி. லேசி எஸ்எம்பியில் 16-ஆல் கிடைக்கும் நிகர லாபம் சிறிதாகவாவது மேல்நோக்கி இருக்கும் என்பதை ஓரளவு நம்பிக்கையோடு சொல்வேன், ஆனால் சத்தியம் செய்ய மாட்டேன். லேப்டாப் என்றால் அந்த நம்பிக்கையும் குறையும். கூடுதல் த்ரெட் கூடுதல் மின்சாரம் இழுக்கும், சூடு ஏறும், கோர்களின் வேகம் தானாக இறங்கும். முதல் பத்து நொடியில் தெரிந்த 30 சதவீதம் பத்து நிமிடம் கழித்து இருக்கிறதா என்று பாருங்கள். உங்களுடையது இன்டெலின் 2021-க்குப் பிந்தைய கலப்பு வகையாக இருந்தாலும் கணக்கு வேறு; அவற்றில் பெரிய கோர்களில்தான் ஹைப்பர்த்ரெடிங் உண்டு, சிறியவற்றில் கிடையாது. 8 பெரியது, 8 சிறியது என்றிருந்தால் விண்டோஸ் 24 காட்டும், 16 அல்ல. 2024-இல் வந்த ஏரோ லேக் மேசைச் சிப்களில் இன்டெல் அதை அடியோடு எடுத்தேவிட்டது.

செய்து பார்க்க விரும்பினால் இப்படிச் செய்யுங்கள். பயாஸுக்குள் போகவேண்டாம், அங்கே அணைத்தால் மற்ற எல்லா நிரல்களும் சேர்ந்து நட்டப்படும், இன்ஜினில் த்ரெட் எண்ணிக்கையை 8 ஆக்கினாலே ஏறக்குறைய அதே பலன். ஆட்டத்தின் நடுப்பகுதியிலிருந்து, விடை உறுதியாகத் தெரிந்த முப்பது, நாற்பது கடினமான நிலைகளை எடுங்கள். ஒவ்வொன்றையும் 8-இலும் 16-இலும் ஐந்து முறையாவது ஓட்டி, சரியான நகர்வைப் பிடித்து அதை விடாமல் வைத்துக்கொள்ள எத்தனை நொடி ஆனது என்று குறியுங்கள். ஆழத்தைக் குறிக்காதீர்கள். ஒவ்வொரு முறைக்கும் முன்னால் ஹாஷைக் காலி செய்ய மறக்காதீர்கள், இல்லையென்றால் இரண்டாவது ஓட்டம் முதல் ஓட்டத்தைப் பார்த்துக் காப்பி அடிக்கும். ஹாஷ் அளவையும் இரண்டுக்கும் ஒன்றாகவே வைத்து, சீக்கிரம் நிரம்பிவிடாத அளவுக்குப் பெரிதாக வையுங்கள். அந்த நொடிகளின் நடுமதிப்பை மட்டும் ஒப்பிடுங்கள், சராசரி வேண்டாம். ஒரே ஒரு நிலை பிடிவாதமாக நான்கு நிமிடம் இழுத்து மொத்தக் கணக்கையும் கெடுத்துவிடும்.